அனைவருக்குமான வீடு: அம்பாறைக் கரையோரத்தின் புதிய கட்டடங்களுக்கு ஒரு விதிமுறை தேவை

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரை நீளும் ஊர்களில் ஒவ்வோர் ஆண்டும் புதிய வீடுகள் எழுந்தவண்ணமே உள்ளன. வெளிநாட்டு உழைப்பில் கட்டப்படும் வீடுகள், வங்கிக் கடனில் கட்டப்படும் வீடுகள், அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் கட்டிக் கொடுக்கும் வீடுகள் என அவை பலவகைப்படும். அவற்றின் முகப்பும் ஓடும் தரைக்கற்களும் வேறுபட்டாலும் பெரும்பாலானவற்றில் ஓர் ஒற்றுமை உண்டு. வாசலில் மூன்று அல்லது நான்கு படிகள். உள்ளே ஒடுங்கிய கதவுடன் ஒரு சிறிய மலசலகூடம். திடகாத்திரமான ஒருவருக்கு இவை கண்ணில் படுவதே இல்லை. பாரிசவாதத்தால் ஒரு கை, கால் செயலிழந்தவருக்கும், நீரிழிவினால் பாதத்தை இழந்தவருக்கும், முழங்கால் மடிக்க இயலாத மூதாட்டிக்கும் அந்தப் படிகளும் அந்தக் கதவும் வீட்டுச் சிறையின் சுவர்களாகி விடுகின்றன.

பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகு வசதி குறித்து நமது நாட்டில் சட்டம் உண்டு. நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு. ஆயினும் மனிதன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் இடமாகிய வீட்டின் வாசலில் அந்தச் சட்டம் நின்று விடுகின்றது. புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்கேனும் எளிய சில விதிகளை வகுக்க வேண்டியதன் அவசியத்தையும், அவ்விதிகள் எவ்வாறு அமையலாம் என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

சட்டம் சொல்வது என்ன?

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலது குறைந்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பொதுமக்கள் செல்லக்கூடிய கட்டடம் அல்லது இடமொன்றுக்குள் செல்வதற்கு ஒருவரின் உடற்குறை தடையாக்கப்படலாகாது எனக் கூறுகின்றது. அச்சட்டத்தின் கீழ் 2006 ஒக்டோபர் 17ஆம் திகதி அணுகு வசதி தொடர்பான ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியிடப்பட்டன. சாய்தளம், கதவின் அகலம், மலசலகூடத்தின் அமைப்பு, கைப்பிடிகள் போன்றவை பற்றிய தராதரங்கள் அவற்றில் இடம்பெற்றன. எனினும் அவை பொதுக் கட்டடங்கள், பொது இடங்கள், பொதுச் சேவைகள் வழங்கப்படும் இடங்கள் ஆகியவற்றை நோக்கியே எழுதப்பட்டன.

இவ்விதிகள் ஏட்டளவில் நின்றுவிட்ட நிலையில், விபத்தொன்றினால் சக்கர நாற்காலியில் வாழ நேர்ந்த கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார். 2011 ஏப்ரல் 27ஆம் திகதி அம்மனு மீது வழங்கப்பட்ட தீர்ப்பு, புதிய பொதுக் கட்டடங்கள் மலசலகூடங்கள் உட்பட இவ்விதிகளுக்கு அமையக் கட்டப்பட வேண்டும் என்பதை வலியுறுத்தியது. தனியொருவரின் விடாமுயற்சி நாட்டுக்குப் பெற்றுத் தந்த பெரும் நன்மை அது என்பதில் ஐயமில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2007 மார்ச்சில் கைச்சாத்திட்டு, 2016 பெப்ரவரியில் ஏற்புறுதி செய்தது. அதன் 9ஆம் உறுப்புரை அணுகு வசதியைப் பற்றிப் பேசுகையில் வீடமைப்பையும் பெயர் குறிப்பிட்டுச் சேர்த்துள்ளது. 28ஆம் உறுப்புரை அரச வீடமைப்புத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு இடமளிக்கப்படுவதை உறுதி செய்யுமாறு கோருகின்றது. ஆகவே வீடும் இக்கடமைக்கு உட்பட்டதே என்பதை நமது நாடு சர்வதேச ரீதியில் ஏற்றுக்கொண்டுள்ளது. அதனை உள்ளூரில் கட்டட அனுமதி வழங்கும் மேசை வரை கொண்டு வருவதே எஞ்சியுள்ள பணியாகும்.

சுனாமியின் பின் தவறவிட்ட வாய்ப்பு

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் அதிகமான உயிர்களைக் காவு கொண்டது. அவர்களுள் 10,000க்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். நாட்டிலேயே அதிகூடிய இழப்பைச் சந்தித்த மாவட்டம் இதுவேயாகும். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு, காரைதீவு, நிந்தவூர் போன்ற ஊர்களில் கடலோர வளவுகள் வெறும் மணற்றிடல்களாயின.

அதனைத் தொடர்ந்து அரசாங்கம் வடக்கு, கிழக்கில் 200 மீற்றரும் தெற்கு, மேற்கில் 100 மீற்றரும் கொண்ட கடலோரத் தடை வலயத்தை அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்ட போதிலும் கல்முனைப் பகுதிக்கு அது ஏற்படுத்திய நெருக்கடி சாதாரணமானதன்று. கிழக்கே கடல், மேற்கே வயல். இடையில் ஒடுங்கிய நிலப்பட்டி. அப்பட்டியிலிருந்தும் 200 மீற்றரைக் கழித்தால் மக்கள் எங்கு செல்வது? இந்நிலையிலேயே வயல் நிலங்கள் நிரப்பப்பட்டன. தொடர்மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. கல்முனையின் கிறீன்பீல்ட் வீட்டுத்திட்டம், மருதமுனையின் 65 மீற்றர் வீட்டுத்திட்டம், சாய்ந்தமருதின் பொலிவேரியன் கிராமம் ஆகியன இன்று இப்பிரதேச மக்களின் நாவில் ஊர்ப்பெயர்களாகவே பழகிவிட்டன. சொந்த வளவில் வீடு கட்டியோருக்கு முழுமையாகச் சேதமடைந்த வீடொன்றுக்கு 250,000 ரூபாவும் பகுதியளவில் சேதமடைந்த வீட்டுக்கு 100,000 ரூபாவும் கட்டங் கட்டமாக வழங்கப்பட்டன.

அந்த மீள்கட்டுமானம் அனைவருக்கும் ஏற்றதாக அமைய வேண்டுமென 2005ஆம் ஆண்டிலேயே மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளும் அவர்களுக்காகப் பணியாற்றும் நிறுவனங்களும் 'அனைவருக்கும் அணுகல்' என்ற இயக்கத்தின் மூலம் குரல் எழுப்பின. ஆனால் 2006 ஒக்டோபரில் ஒழுங்குவிதிகள் வெளிவருவதற்கு முன்னரே பெருமளவு வீடுகளுக்கான வரைபடங்கள் தயாராகிவிட்டன. பல வீடுகள் கட்டியும் முடிக்கப்பட்டிருந்தன. விதிகள் முன்கூட்டியே வந்திருப்பினும் அவை வீடுகளைக் கட்டுப்படுத்தியிரா. கொடையாளிகள் எத்தனை வீடுகள் என்று எண்ணினார்கள்; அவ்வீடுகளுக்குள் எத்தனை பேர் தாமாகவே நுழைய முடியும் என்று எண்ணும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

20 ஆண்டுகள் கடந்துவிட்டன. அன்று 45 வயதில் மேல்மாடி வீடொன்றின் சாவியைப் பெற்றுக்கொண்டவர் இன்று 65 வயதைத் தாண்டியிருப்பார். மின்தூக்கி இல்லாத தொடர்மாடியொன்றின் மூன்றாம் தளத்தில் வாழும் ஒருவருக்கு முழங்கால் தேய்ந்தால், ஜும்ஆத் தொழுகையும் சந்தையும் வைத்தியசாலையும் ஒரே நாளில் எட்டாத தூரத்துக்குச் சென்றுவிடுகின்றன. வீடு கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த வீட்டில் மனிதர் முதுமை அடைவர் என்பதை வரைபடம் மறந்துவிட்டது என்பதையே சுட்டிக்காட்டுகின்றோம்.

இந்த அனுபவம் இன்று மீண்டும் நினைவுகூரப்பட வேண்டியுள்ளது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலும் அதனுடன் வந்த வெள்ளமும் மண்சரிவும் நாட்டில் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. ஆயிரக்கணக்கான வீடுகள் அழிந்தோ சேதமுற்றோ போயின. மீண்டும் நாடெங்கும் வீடுகள் கட்டப்பட வேண்டிய காலம் இது. சுனாமியின் பின் விட்ட தவறை இரண்டாவது தடவையும் விடுவதற்கு நியாயம் கூற முடியாது.

நமது பிரதேசத்தின் தனித்தன்மை

இக்கரையோரத்தில் வீடு என்பது தனியொரு தம்பதியின் வதிவிடம் மாத்திரமன்று. முஸ்லிம்களிடையேயும் தமிழர்களிடையேயும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மணமுடித்து வைப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வதும் நீண்ட கால வழக்கமாகும். தந்தை தன் உழைப்பையெல்லாம் செலவிட்டு மூத்த மகளுக்கு ஒரு வீடு கட்டுகின்றார். அதன் பின் இளைய மகளுக்காக அதே வளவில் இன்னொரு வீடோ, அதே வீட்டின் மேல் இன்னொரு மாடியோ எழுகின்றது. பெற்றோர் தமது இறுதிக் காலத்தைப் பெரும்பாலும் மகள்மாருள் ஒருவருடனேயே கழிக்கின்றனர். சீதன வீட்டு வழக்கத்தின் நன்மை, தீமை பற்றிய விவாதம் வேறு. ஆனால் இவ்வழக்கம் நிலவும் வரை, மகளுக்காக வீடு கட்டும் தகப்பன் தனது முதுமைக்கான வீட்டையும் சேர்த்தே கட்டுகின்றார் என்பதே உண்மை.

காணி சிறுத்துச் செல்வதால் வீடுகள் மேல்நோக்கி வளர்கின்றன. கீழ்த்தளம் கடையாகவோ மகளின் குடும்பத்துக்காகவோ ஒதுக்கப்பட, வயதானவர்கள் மேல்மாடிக்குச் செல்லும் நிலையும் காணப்படுகின்றது. ஏற முடிந்த காலம் வரை அது வசதியாகத் தோன்றும். ஏற முடியாத காலம் வரும்போது அவர்களுக்கு வெளியுலகம் ஒரு சாளரத்தின் அளவாகச் சுருங்கிவிடும்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமானோரில் 8.7 சதவீதத்தினர் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்ற ஏதேனும் ஒன்றில் சிரமம் உடையோராவர். 60 வயதைக் கடந்தோர் மொத்த சனத்தொகையில் 12.4 சதவீதமாக இருந்தனர். முதியோரின் விகிதம் அதன் பின்னரும் உயர்ந்தே செல்கின்றது. 2009 வரை நீடித்த யுத்தத்தில் அவயவங்களை இழந்தோரும் இப்பிரதேசத்தில் எல்லாச் சமூகங்களிலும் உள்ளனர். இவற்றுடன் கர்ப்பிணிப் பெண்களையும், சத்திர சிகிச்சையின் பின் வீடு திரும்புவோரையும், குழந்தை வண்டி தள்ளுவோரையும் சேர்த்துப் பார்த்தால், தடையற்ற வாசல் ஒருசிலருக்கான சலுகையன்று என்பது விளங்கும்.

'அனைவருக்குமான வடிவமைப்பு' என்றால் என்ன?

இக்கருத்துக்குப் பெயர் சூட்டியவர் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ரொனால்ட் மேஸ். சிறு வயதில் போலியோ நோய்க்கு ஆளாகிச் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அவர், உடற்குறை உள்ளோருக்கெனத் தனியான வாசல், தனியான அறை என்று ஒதுக்குவதை விட, எல்லோரும் பயன்படுத்தக்கூடிய விதத்தில் தொடக்கத்திலேயே பொருட்களையும் கட்டடங்களையும் வடிவமைக்க வேண்டும் என 1980களில் எடுத்துரைத்தார். ஐ.நா. சமவாயத்தின் 2ஆம் உறுப்புரையும் இதே பொருளில் இதற்கு வரைவிலக்கணம் தருகின்றது. பின்னர் மாற்றியமைக்க வேண்டிய தேவையின்றி, இயன்றவரை எல்லோருக்கும் பயன்படுவதே அதன் சாரமாகும்.

வீடுகளைப் பொறுத்தவரை இதனை விதியாக்கிய நாடுகள் உள்ளன. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1999 ஒக்டோபர் முதல் கட்டட ஒழுங்குவிதிகளின் 'எம்' பகுதி புதிய வீடுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. படியற்ற நுழைவாயில், அகலமான கதவுகள், நுழைவுத் தளத்திலேயே ஒரு மலசலகூடம் என்பன அதன் அடிப்படைத் தேவைகளாயின. வீட்டில் மாற்றுத்திறனாளி உள்ளாரா என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. எவருக்காகக் கட்டினாலும் விதி ஒன்றே.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் எலினோர் ஸ்மித் என்ற பெண்மணி 1987இல் தொடங்கிய இயக்கம் இக்கோரிக்கையை மூன்று அம்சங்களாகச் சுருக்கியது. படியில்லாத ஒரு வாசல், சக்கர நாற்காலி நுழையும் அகலமுடைய உட்கதவுகள், பிரதான தளத்தில் பயன்படுத்தக்கூடிய ஒரு மலசலகூடம் என்பனவே அவை. அவ்வியக்கத்தின் வாதம் நமது மக்களுக்கு எளிதில் விளங்கக்கூடியது. மாற்றுத்திறனாளி தன் வீட்டில் மட்டும் வாழ்ந்தால் போதாது. உறவினர், அயலவர் வீடுகளுக்கும் விருந்தினராகச் செல்லக்கூடியவராக இருக்க வேண்டும். பெருநாள் தினத்தில் உடன்பிறந்தாளின் வீட்டுக்குள் நுழைய முடியாமல் கேற்றடியில் நின்று ஸலாம் கூறித் திரும்புவதும், பொங்கலன்று பேரப்பிள்ளையின் வீட்டுக்குச் செல்வதற்கு நால்வரின் தோள் தேவைப்படுவதும் யாருக்கும் மகிழ்ச்சி தருவனவல்ல.

தனியார் வீடுகளில் அரசு தலையிடலாமா என்ற கேள்வியும் அங்கு எழுந்தது. அரிசோனா மாநிலத்தின் பிமா மாவட்ட நிர்வாகம் 2002இல் இத்தகைய விதியைக் கொண்டுவந்தபோது அதனை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. 2003இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதி செல்லுபடியாகும் எனத் தீர்ப்பளித்தது. மின்னிணைப்பின் பாதுகாப்பையும் மலக்குழியின் தூரத்தையும் விதிக்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றத்துக்கு உண்டு என்பதை ஏற்கும் நாம், வாசலின் அகலத்தை விதிப்பதை மட்டும் அத்துமீறலாகக் கருதுவது பொருந்தாது.

அயல்நாடான இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அணுகு வசதி விதிகளைப் பின்பற்றாத கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்கலாகாது எனக் கூறுகின்றது. அரச வீடமைப்புத் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் அது வழி செய்துள்ளது. அவ்விதிகள் வெறும் வழிகாட்டலாக அன்றிக் கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என 2024 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரத்தூரி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆலோசனை கூறுவதற்கும் கட்டாயமாக்குவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அத்தீர்ப்பு தெளிவாக்கியது.

நமது வளவுகளுக்கு ஏற்ற விதிகள்

வெளிநாட்டு விதிகளை அப்படியே பெயர்த்து இங்கு நடுவது பயன் தராது. நமது மண்ணும் மழையும் வாழ்க்கை முறையும் வேறானவை. அவற்றைக் கருத்திற் கொண்டு, புதிய வீடொன்றில் குறைந்தபட்சம் கவனிக்கப்பட வேண்டியவற்றைக் கீழே தருகின்றோம்.

முதலாவது, கேற்றிலிருந்து வாசல் வரையான வழி. கரையோர வளவுகள் மணற்பாங்கானவை. சக்கர நாற்காலியின் சில்லும் ஊன்றுகோலின் முனையும் மணலில் புதையும். எனவே 4 அடி அகலத்தில் உறுதியான, வழுக்காத நடைபாதை அவசியம். கேற்றடியில் வடிகானைக் கடக்கும் மூடி இடைவெளியின்றி இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, வாசல். மாரி காலத்தில் வெள்ளம் ஏறும் பிரதேசத்தில் வீட்டின் தளத்தை உயர்த்தாமல் இருக்க முடியாது என்பது நியாயமான வாதமே. ஆனால் உயரமான தளத்துக்குப் படி ஒன்றே வழி என்பதில்லை. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பதே சாய்தளத்துக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. தளம் ஒன்றரை அடி உயரமாயின் 18 அடி நீளம் தேவை. 6 பேர்ச் காணி என்பது ஏறத்தாழ 1,630 சதுர அடி. அதாவது சுமார் 40 அடிக்கு 40 அடி. பக்க மதிலோரமாகச் சாய்தளத்தைக் கொண்டு சென்றால் இந்தச் சிறு காணியிலும் அதற்கு இடம் உண்டு. இதைவிடச் சிறந்த வழி, வளவுக்கு மண் நிரப்பும்போதே கேற்றிலிருந்து வாசலை நோக்கி நிலத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துவதாகும். வளவே 6 அங்குலம் உயர்ந்துவிட்டால் எஞ்சிய 1 அடிக்கு 12 அடிச் சாய்வு போதும். மழைநீர் அயலவர் வளவுக்குள் செல்லாதவாறு எல்லையோரம் வடிகான் விடுவது கட்டாயம். வாசலின் முன்னால் சக்கர நாற்காலி நின்று திரும்புவதற்கு 5 அடிக்கு 5 அடிச் சமதளம் வேண்டும். நிலைப்படியின் உயரம் அரை அங்குலத்தை மீறலாகாது.

பெண்கள் பயன்படுத்தும் பின்வாசலை மட்டும் சாய்தளமாக்கினால் போதும் எனச் சிலர் கருதக்கூடும். இடமின்மையால் அதுவே இயலுமாயின் ஒன்றுமில்லாததை விட அது மேல். ஆயினும் வீட்டின் மூத்தவர் சமையலறை வழியாகவே வீட்டுக்குள் வர வேண்டும் என்ற நிலை கண்ணியமானதா என்பதைக் குடும்பத்தினர் சிந்திக்க வேண்டும்.

மூன்றாவது, உட்கதவுகள். கதவு திறந்த பின் குறைந்தது 2 அடி 8 அங்குல இடைவெளி கிடைக்க வேண்டும். அதற்கு 3 அடி அகலமான நிலை தேவை. மலசலகூடத்துக்கு மட்டும் சிறிய கதவைப் போடும் வழக்கமே பெரும் இடர்ப்பாட்டைத் தருகின்றது. சக்கர நாற்காலி வீடெங்கும் சென்று, மிக அவசியமான அந்த ஓரிடத்தின் வாசலில் நின்றுவிடுகின்றது. அக்கதவு வெளிப்புறமாகத் திறக்கக்கூடியதாக இருப்பின், உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்தாலும் அவரை மீட்க முடியும்.

நான்காவது, கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் ஒரு மலசலகூடமும். மாடி வீடாயினும் இது தவிர்க்க முடியாதது. மலசலகூடத்தில் அமரும் வகையிலான கொமட் ஒன்றும், அதன் அருகே கைக்கெட்டும் தூரத்தில் நீர்க்குழாயும், திரும்புவதற்கு இடமும், வழுக்காத தரைக்கல்லும் வேண்டும். கைப்பிடிகளை இன்று பொருத்தாவிடினும் அவை வரவிருக்கும் இடத்தில், நிலத்திலிருந்து சுமார் 3 அடி உயரத்தில், பொள் கல்லுக்குப் பதிலாகத் திண்மக் கல் வைத்துக் கட்டினால் போதும். பொள் கல்லில் இறுக்கிய ஆணி ஒரு மனிதனின் பாரத்தைத் தாங்காது என்பதை அனுபவமுள்ள எந்த மேசனும் அறிவார்.

ஐந்தாவது, தொழுகைக்கான சுத்தம். முஸ்லிம் வீடுகளில் வுழூச் செய்யும் இடம் நாளொன்றுக்கு ஐந்து தடவை பயன்படுவது. முகம் கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்துக் கழுவ முதியோரால் இயலாது. வீழ்ந்து இடுப்பெலும்பு முறிவதற்கும் அது காரணமாகலாம். அமர்ந்தபடி கால் கழுவக்கூடிய சீமெந்து இருக்கையும், அதன் முன் தாழ்ந்த குழாயும், நீர் வழிந்தோடும் சாய்வும் இருப்பின் போதுமானது.

ஆறாவது, கைக்கெட்டும் உயரங்கள். மின்னாளிகள் நிலத்திலிருந்து 3 முதல் 4 அடி உயரத்திலும், மின் செருகிகள் ஒன்றரை அடிக்குக் குறையாத உயரத்திலும் அமைய வேண்டும். பின்னது வெள்ள காலத்துக்கும் பாதுகாப்பானது. உருண்டைப் பிடிக்குப் பதிலாக அழுத்தித் திறக்கும் நீள்பிடியைக் கதவுக்கு இடுவது கைவிரல் மடிக்க இயலாதோருக்கு உதவும். மாடிப்படிகளுக்கு இருபுறமும் கைபிடி வேண்டும். படிகளின் விளிம்பு வேறு நிறத்தில் இருப்பின் பார்வை குன்றியோர் தடுமாறமாட்டார்கள்.

தொடர்மாடிகளைக் கட்டுவோர் இவற்றுடன் மேலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் கீழ்த்தள வீடுகள் அனைத்தும் இவ்விதிகளுக்கு அமைய இருக்க வேண்டும். அவற்றை ஒதுக்குகையில் மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் உள்ள குடும்பங்களுக்கு முன்னுரிமை வழங்கப்பட வேண்டும். குலுக்கல் முறை நியாயமாகத் தோன்றலாம். நடக்க முடியாதவருக்கு மூன்றாம் மாடியை வழங்கும் குலுக்கல் நியாயமாகாது.

செலவு பற்றிய அச்சம்

இவ்வளவும் செய்தால் செலவு ஏறிவிடும் என்ற அச்சமே பெரும்பாலானோரைத் தடுக்கின்றது. மேலே கூறியவற்றுள் பலவற்றுக்கு மேலதிகச் செலவு இல்லை அல்லது மிகச் சொற்பம். மின்னாளியை 4 அடியில் வைப்பதும் 5 அடியில் வைப்பதும் ஒரே கூலிதான். கதவை அகலமாக்கும்போது மரத்துக்குச் சிறிது கூடினாலும் சுவருக்கான கல் குறைகின்றது. மாறாக, கட்டி முடித்து, மாபிள் பதித்த பின்னர் ஒரு கதவை அகலமாக்க வேண்டுமாயின் நிலையைப் பெயர்க்க வேண்டும். லிண்டலை உடைக்க வேண்டும். தரைக்கல்லை மாற்ற வேண்டும். பெரும்பாலும் அந்தத் தேவை, நோய்க்காகச் சேமிப்பெல்லாம் கரைந்துவிட்ட வேளையிலேயே வருகின்றது. அத்திவாரம் இடும் நாளில் படவரைஞரின் பென்சிலால் தீர்க்கக்கூடிய விடயத்தை, நோயாளி வீட்டுக்கு வரும் நாளில் சுத்தியலால் தீர்க்க முயல்வதே உண்மையில் வீண் செலவாகும்.

'எமது வீட்டில் அப்படி எவரும் இல்லையே' என்பது அடுத்த வாதம். வீடொன்று 50 ஆண்டுகளுக்கு மேல் நிற்கின்றது. அந்த 50 ஆண்டுகளில் முதுமையோ நோயோ விபத்தோ எட்டிப் பார்க்காத குடும்பம் எது? அவசர காலத்திலும் இதன் பயன் பெரிது. கடல் பொங்கிய நாளை அறிந்த நமக்கு, வீட்டிலிருந்து விரைவாக வெளியேறுவதன் பெறுமதியை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தானாக உருண்டு வெளியேறக்கூடிய ஒருவரையும், தூக்கிச் செல்ல இருவர் தேவைப்படும் ஒருவரையும் வேறுபடுத்துவது பெரும்பாலும் அந்த வாசற்படியே.

யார் என்ன செய்ய வேண்டும்?

கட்டட அனுமதி வழங்குவது உள்ளூராட்சி மன்றங்களின் பணியாகும். மாநகர சபைகள் கட்டளைச் சட்டமும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் உபவிதிகளை ஆக்கும் அதிகாரத்தை அவற்றுக்கு வழங்கியுள்ளன. கல்முனை, அக்கரைப்பற்று மாநகர சபைகளும், காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, திருக்கோவில், பொத்துவில் உள்ளிட்ட பிரதேச சபைகளும் பொதுவான மாதிரி உபவிதியொன்றை ஏற்றுக்கொள்வது சாத்தியமானதே. முதற் கட்டமாக அரச நிதியிலும் கொடை நிதியிலும் கட்டப்படும் வீடுகளுக்கும், பல குடும்பங்கள் வாழும் மாடிக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்படலாம். தனியார் வீடுகளைப் பொறுத்தவரை, விண்ணப்பப் படிவத்துடன் ஒரு பக்கச் சரிபார்ப்புப் பட்டியலை இணைத்து, உரிய காலத்தின் பின் அதனையும் விதியாக்கலாம். நாடளாவிய ரீதியில் இதனைச் சீராக்கும் பொறுப்பு நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு உண்டு.

தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை தனது கடன்களுக்கும் மாதிரி வீடுகளுக்கும் இவற்றை நிபந்தனையாக்க வேண்டும். ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 6 பேர்ச், 10 பேர்ச் காணிகளுக்குரிய மாதிரி வரைபடங்களைத் தயாரித்து மக்களுக்கு இலவசமாக வழங்குமாயின் அது பெரும் சேவையாக அமையும். தொழில்நுட்பக் கல்லூரிகளில் பயிலும் இளைஞர்களுக்கும், அனுபவத்தால் தொழில் கற்ற மேசன்மார், தச்சர்களுக்கும் இவ்வளவுகள் கற்பிக்கப்பட வேண்டும். ஏனெனில் நமது ஊர்களில் பல வீடுகளின் உண்மையான வடிவமைப்பாளர் மேசனே.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும் ஆலய பரிபாலன சபைகளும் ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதைப் புண்ணியமாகக் கருதிச் செய்து வருகின்றன. அவ்வீடுகளிலேயே இந்த நல்ல வழக்கம் தொடங்கட்டும். பள்ளிவாசலின் வாசலில் சாய்தளமும் அமர்ந்து வுழூச் செய்யும் இடமும் இருப்பின், அதனைப் பார்த்தே பல குடும்பங்கள் தமது வீடுகளில் அதனைச் செய்யும். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகள், முகப்புத் தூண்களின் அலங்காரத்தைக் கேட்பதற்கு முன்னர் 'உம்மாவுக்குக் கீழே ஓர் அறையும் மலசலகூடமும் வைத்தீர்களா?' என்று கேட்பார்களாயின் அதுவே அரை விதிக்குச் சமம்.

மாற்றுத்திறனாளிகளை இவ்விடயத்தில் ஆலோசனைக்கு அழைப்பதும் அவசியமாகும். கதவின் அகலம் போதுமா என்பதைச் சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் ஒரு நிமிடத்தில் கூறிவிடுவார். அவரைக் கேட்காமல் தயாரிக்கப்படும் விதி, 2005இல் தயாரிக்கப்பட்ட வரைபடங்களின் கதியையே அடையும்.

நிலப்பற்றாக்குறை, வெள்ளம், கடலரிப்பு, வாழ்க்கைச் செலவு என இக்கரையோரம் எதிர்நோக்கும் பிரச்சினைகள் பல. அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தீர்ப்பதற்குப் பெரும் நிதியும் காலமும் தேவை. வாசற்படியின் பிரச்சினைக்குத் தேவைப்படுவது முன்யோசனை மாத்திரமே. இன்று அனுமதிக்காகச் சபைகளின் மேசையில் கிடக்கும் ஒவ்வொரு வரைபடமும் இன்னும் 50 ஆண்டுகளுக்கு யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கப் போகின்றது. அந்த வரைபடத்தில் முத்திரை பதிக்கும் அதிகாரியும், அதன்படி கட்டும் மேசனும், அதற்குப் பணம் செலவிடும் தந்தையும் ஒரு கணம் சிந்திப்பார்களாயின், இனிக் கட்டப்படும் வீடுகளேனும் எல்லோருக்கும் திறந்த வீடுகளாக அமையும் என நாம் நம்புகின்றோம்.